பெரியம்மாவுக்குப் போகாத பக்கங்கள்

திங்கள்

மாலை வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். உண்மையான ஒரு நெட்வொர்க் வேலையை எடுத்துக்கொண்டு, செய்ததையும் சொதப்பியதையும் அன்றன்றே எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அம்மாவின் லேபையும் பெரியம்மாவின் பட்டறையையும் இணைப்பது. எடுத்துக்கொண்டேன் என்பதைவிட, கம்ப்யூட்டர் படிக்கிறவள் வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் என் தலையில் விழுந்தது என்பதே சரி.

அம்மாவும் பெரியம்மாவும் செயற்கைப் பல் செய்கிறவர்கள். ஒரே கடையாக இருந்தவர்கள் மூன்று வருடத்துக்கு முன் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பிறகு அம்மா நல்ல ஸ்கேனர் வாங்கினாள், பெரியம்மா பல்லைக் கடைந்தெடுக்கும் மில்லிங் மெஷின் வாங்கினாள். ஆக இரண்டுமே பாதிக் கடை. அம்மா திரையில் பல்லை வரைகிறாள். கடைவதற்கு வெளியே கொடுக்கிறாள். பெரியம்மாவிடம் மெஷின் இருக்கிறது; அதற்குத் தீனி இல்லை. இந்த மாதத்தோடு பட்டறையை மூடிவிட்டு யாரிடமாவது சம்பளத்துக்குப் போகப்போவதாக என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை.

இப்போது ஒரு பல் மருத்துவமனைக் குழுமம் தன் வேலை முழுவதையும் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தரத் தயாராக இருக்கிறது. ஒரே நிபந்தனை: நோயாளிகளின் தாடைப் படங்கள் மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ போகக் கூடாது. இரண்டு இடத்துக்கும் நடுவே பூட்டிய பாதை இருக்க வேண்டும். அவர்களுடைய மேற்பார்வையாளர் சனிக்கிழமை வந்து பார்ப்பார். அன்று பாதை இருந்தால் பெரியம்மாவின் பட்டறை இருக்கும்.

அதனால் இன்று இரண்டு பஸ் மாறி அங்கே போனேன்.

"வாடி, சந்தேகம்" என்றாள் பெரியம்மா. எனக்கு அவள் வைத்த பெயர் அது. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன் என்பதால் வந்தது.

மெஷின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சும்மா நின்றது. உள்ளே ஒரு துளி வெள்ளைத் தூள்கூட இல்லை.

"இவ்வளவு சுத்தமா இருக்கே" என்றேன்.

"வேலை இல்லாத அடுப்பு சுத்தமாத்தான் இருக்கும். நீ உன் வேலையைப் பாரு."

பார்த்தேன். ரவுட்டரில் பாதைக்கான பக்கத்தைத் திறந்து, இந்தப் பக்கத்து எண்களைக் குறித்துக்கொண்டேன். நெட்வொர்க்கில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. அதன் முன்பகுதியைத் தெருப் பெயர் என்றும், கடைசிப் பகுதியைக் கதவு எண் என்றும் வைத்துக்கொள்ளலாம். பெரியம்மாவின் தெரு ஒன்று. மெஷினின் கதவு இருபது, பிரின்டரின் கதவு முப்பது. எதிர்ப்பக்கத்துத் தெரு எது என்று கேட்ட கட்டத்தில் ரவுட்டரே ஒன்று என்று போட்டு வைத்திருந்தது. அம்மாவின் லேபும் ஒன்றாம் தெருதான் என்பது எனக்கு நினைவிருந்தது. நல்லதாயிற்று, மாற்ற வேண்டிய வேலை மிச்சம் என்று நினைத்தேன். இரண்டையும் ஒன்றாக்கத்தானே போகிறோம்.

செவ்வாய்

இன்று அம்மாவின் லேபில் மறுமுனை. பெரியம்மா ஸ்பீக்கர் போனில் இருந்தாள்.

இந்தப் பாதை அமைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பூட்டு மாற்றிக்கொள்வதுதான். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென ஒரு பூட்டையும் அதற்குப் பொருந்தும் ஒரே ஒரு சாவியையும் தானே செய்துகொள்கிறது. சாவி அந்தப் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. பூட்டை மட்டும் எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். பூட்டு என்பது புரியாத எழுத்துகளின் நீண்ட வரிசை. பெரியம்மா தன் திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். அம்மா எழுதிக்கொண்டாள்.

"பெரிய கே. சின்ன எம். ஏழு. எழுதிட்டாளான்னு கேளு."

"எழுதியாச்சுன்னு சொல்லு" என்றாள் அம்மா என்னிடம். இரண்டு பேருக்கும் மற்றவர் பேசுவது நன்றாகவே கேட்டது.

"ஏன்டி, இப்படிப் போன்ல ஊரறியப் படிச்சா, யாராவது கேட்டுட மாட்டாங்களா?" என்றாள் பெரியம்மா.

"கேக்கட்டும் பெரியம்மா. இது பூட்டுதான். இதை வச்சுப் பூட்டத்தான் முடியும், திறக்க முடியாது. ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். இது உங்க பூட்டுதான்னு எங்களுக்கு நிச்சயமாத் தெரியணும். வேற எவனோ உங்களை மாதிரிப் பேசி அவன் பூட்டைக் கொடுத்துட்டா, எல்லாம் அவன்கிட்டப் போயிடும்."

அம்மா பேனாவை வைக்காமலே சொன்னாள்: "அந்தக் குரலைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்வேன். மேல படிக்கச் சொல்லு."

போனில் பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "பெரிய ஆர்" என்றாள் பெரியம்மா.

பூட்டு உவமை முழுக்கச் சரிதானா என்று வகுப்பில் கேட்க வேண்டும்.

எங்கள் பூட்டை நான் படித்துச் சொல்லி, இரண்டையும் அந்தந்தப் பக்கத்தில் போட்டதும் பாதைக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. என் லேப்டாப்பிலிருந்து முப்பதாம் கதவைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் "இருக்கிறேன்" என்று பதில் வர வேண்டும். உடனே வந்தது. நகரத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பியதாகவே தெரியவில்லை, அவ்வளவு வேகம். எழுந்து நின்று கை தட்டினேன்.

"வந்திடுச்சும்மா! பெரியம்மா, உங்க பிரின்டர் எனக்குப் பதில் சொல்லுது!"

"அதாவது பேசுதே" என்றாள் அம்மா.

ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டலாம் என்று, "பெரியம்மா, இது தெரிகிறதா?" எனத் தட்டெழுதி அனுப்பினேன். அச்சாகிவிட்டது என்றது திரை.

"வந்ததா?"

"ஒண்ணும் வரலியே."

"பேப்பர் இருக்கா பாருங்க."

"பேப்பர் இருக்கு, மை இருக்கு, நானும் முன்னாடி நிக்கறேன். வரல."

மறுபடி அனுப்பினேன். எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பினேன். "பெரியம்மா, இப்போதாவது?" என்று அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் அச்சாகிவிட்டது என்று திரை சத்தியம் செய்தது. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று பெரியம்மா சத்தியம் செய்தாள்.

அம்மா போனை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "வந்திருக்கும். வரலன்னு சொல்றா."

"எதுக்கும்மா அப்படிச் சொல்லணும்?"

"என்னோட சேர இஷ்டமில்லைன்னு நேராச் சொல்ல வாய் வரல. அதான்."

அடுத்த நிமிடம் பெரியம்மா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "உங்கம்மா அந்தப் பக்கம் எதையாவது கழட்டி விட்டாளா பாரு. பிரியும்போதே சொன்னா, இனி உன்கூட ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு."

மனிதர்கள் இரண்டு பேர், கம்ப்யூட்டர் ஒன்று. மூன்றில் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. அல்லது தப்பு என்னுடையதாக இருக்க வேண்டும்; அதற்கே அதிக வாய்ப்பு என்று பட்டது.

அப்போதுதான் பின்னறைக் கதவு திறந்தது. அங்கே பிளாஸ்டர் கலந்து தாடை அச்சு எடுக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். மாவு என்று கூப்பிடுவோம். எப்போது பார்த்தாலும் முழங்கை வரை வெள்ளையாக இருப்பார். கையில் ஒரு கற்றைக் காகிதம் வைத்திருந்தார். ஓரமெல்லாம் விரல் தடம்.

"தப்பா எடுத்துக்காதம்மா. காலையிலேருந்து எனக்கு லெட்டர் மேல லெட்டரா வருது. அதுவும் என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டு. தெரியுதா தெரியுதான்னு கேக்குது. தெரியுதுன்னு யார்கிட்டச் சொல்றது?"

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். "பெரியம்மா, இது தெரிகிறதா?" பெரிய எழுத்தில் ஒன்று. "இப்போதாவது?" எல்லாம் எங்கள் பின்னறைப் பிரின்டரில் வந்திருந்தன.

 அம்மா போனை எடுத்து, "அவகிட்டச் சொல்லிடு" என்று என்னிடம் நீட்டினாள்.

புதன்

பெரியம்மாவுக்கு அனுப்பியது நமக்கே ஏன் வருகிறது? இதைத் தவிர இன்று வேறு எதையும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஊகிக்காமல் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். முதலில் பெரியம்மாவைத் தன் பிரின்டரை அணைக்கச் சொன்னேன். முப்பதாம் கதவைத் தட்டினேன். "இருக்கிறேன்" என்றது. பட்டறையின் ரவுட்டரையே அணைக்கச் சொன்னேன். பச்சைப் புள்ளி போயிற்று. தட்டினேன். "இருக்கிறேன்" என்றது. பாதையே இல்லாதபோதும் பதில் வருகிறது.  பிறகு பின்னறைக்குப் போய் எங்கள் பிரின்டரை அணைத்தேன்.

தட்டினேன். மௌனம்.

எங்கள் பிரின்டரும் முப்பதாம் கதவுதான். இத்தனை நாள் அதைப் பெயரைச் சொல்லியே பயன்படுத்தி வந்ததால் எண்ணைப் பார்க்கவே இல்லை. ஒன்றாம் தெரு, முப்பதாம் கதவு என்று நான் சொன்னதும் லேப்டாப், அது நம் தெருதானே என்று பக்கத்து அறைக்குப் போய்த் தட்டியிருக்கிறது. ரவுட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதை பத்திரமாக, பச்சையாக, ஒருவரும் நடக்காமல் கிடந்தது.

மற்றவற்றையும் ஒப்பிட்டேன். அங்கே இருபதாம் கதவு மெஷின், இங்கே இருபதாம் கதவு ஸ்கேனர். அங்கே பத்தாம் கதவு வரவேற்பறைக் கம்ப்யூட்டர், இங்கேயும் அதேதான். தெரு ஒன்று, கதவுகளும் ஒன்று. இது எப்படி நடந்தது?

பெரியம்மாவிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: "பிரிஞ்சப்ப எல்லாம் சரிபாதின்னு பேச்சு. அவளுக்கு நாலு நாற்காலின்னா எனக்கும் நாலு. கம்ப்யூட்டர் மாட்ட வந்தவன்கிட்டச் சொன்னேன், அங்க எப்படி வச்சியோ அதே மாதிரி இங்கயும் வையி, ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும் விடமாட்டேன்னு. பாவம், சொன்னபடியே வச்சுட்டான் போலிருக்கு. மெஷின் வந்தப்ப ஒரு நம்பர் கேட்டாங்க. அவளோட ஸ்கேனருக்கு என்னவோ அதையே போடுன்னேன்."

மாலை வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் சொன்னேன். எப்போதும் பையில் கேபிள் தொங்குவதால் அவனுக்கு ஒயர் என்று பெயர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பதில் எவ்வளவு நேரத்துல வந்துச்சு?"

சொன்னேன்.

"ஊரோட அந்தக் கோடிக்குப் போயிட்டு அவ்வளவு சீக்கிரம் வருமா? பக்கத்து ரூமுக்குப் போனாத்தான் அப்படி வரும். அங்கயே பிடிச்சிருக்கணும் நீ."

உண்மைதான். வேகத்தைப் பார்த்துக் கை தட்டியதற்குப் பதில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் எல்லாம் சந்தேகப்படுகிறேனே.

வழி இரண்டு என்றான் ஒயர். ஒன்று, ஏதாவது ஒரு பக்கத்துத் தெருவின் எண்ணை மாற்றுவது. இல்லையென்றால் இரண்டு பக்கமும் அப்படியே இருக்க, வெளியே போகும்போது மட்டும் எண்ணுக்கு வேஷம் போட்டுவிடுவது. ரவுட்டர் ஒவ்வொரு எண்ணையும் போகும்போது மாற்றி, வரும்போது திரும்ப மாற்றும்.

"வேஷம் போட்டா யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேணாம். ஆனா என்னைக்காவது கெட்டா, எது நிஜ நம்பர் எது வேஷம்னு நீதான் உக்காந்து கண்டுபிடிக்கணும்" என்றான்.

வியாழன்

எந்தப் பக்கத்தை மாற்றுவது? பெரியம்மாவின் மெஷினில் எண்ணை மாற்ற அதை விற்ற நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். கேட்டதற்கு அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். சனிக்கிழமைக்குள் மாற வேண்டுமானால் அம்மாவின் பக்கம்தான் மாற வேண்டும்.

அம்மா ஒரு முன்பல்லைத் திரையில் சுழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். பல் நின்றது.

"நான் ஏன் மாறணும்? என்னைப் பார்த்துக் காப்பியடிச்சது அவ."

"அவங்க மெஷினை இப்ப மாத்த முடியாதும்மா."

"சரிபாதின்னு கேட்டா. கொடுத்தேன். இப்ப என் பக்கம் மட்டும் கலைக்கணுமா? எத்தனை நாள் உக்காந்து செட் பண்ணினது இது!"

நான் வேஷ வழியைச் சொன்னேன். யாரும் எதையும் மாற்ற வேண்டாம் என்றதும் அவள் முகம் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கெட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன்.

அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "நீயே சொல்லு. உன் கடையா இருந்தா எதைச் செய்வ?"

எனக்குத் தெரியாதும்மா, வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன் என்பது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் இதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்திருந்தேன்.

"நம்ம நம்பரை மாத்துவேன். வேஷம் போட்டா சனிக்கிழமை ஓடும். ஆனா அதுக்கப்புறம் ஏதாவது ஒரு பக்கம் தப்பாப் போச்சுன்னா, நீ அவங்களைச் சொல்லுவ, அவங்க உன்னைச் சொல்லுவாங்க. செவ்வாய்க்கிழமை சொன்ன மாதிரி. நம்பரை மாத்தறதுதான் நேர் வழி. எது எங்க போகுதுன்னு பார்த்தாலே தெரியும்." பிறகு அதையும் சொல்லிவிட்டேன். "பெரியம்மா இந்த மாசத்தோட பட்டறையை மூடப்போறாங்கம்மா. உன்கிட்டச் சொல்லல."

அம்மா பல் பக்கம் திரும்பினாள். சுழற்றவில்லை.

"எத்தனை பொருளை மாத்தணும்?" என்று கேட்டாள்.

வெள்ளி

கடைசி நோயாளியின் வேலை மதியத்துக்குள் முடிந்ததும் ஆரம்பித்தோம். பெரியம்மா ஸ்பீக்கரில் இருந்தாள்.

"அம்மா, நம்ம தெருவுக்கு என்ன நம்பர் வைக்கலாம்? ரெண்டுன்னு..."

"ரெண்டு வேணாம். பிறந்ததிலேருந்து நான் ரெண்டாவதுதான். வேற சொல்லு."

"இருநூத்தம்பது வரைக்கும் எது வேணா வைக்கலாம்."

அம்மா யோசித்தாள். "அம்பது வை. அடுத்த வருஷம் எனக்கு அம்பது. ஞாபகம் இருக்கும்."

போனில் இருமல் சத்தம். "அடுத்த வருஷமா? அவளுக்கு அம்பது முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுன்னு சொல்லு."

"அம்மா, பெரியம்மா சொல்றாங்க..."

"எனக்குக் காது கேக்குது!" அம்மா போனைப் பிடுங்கினாள். "யாருக்குடி அம்பது முடிஞ்சுது? நீ எனக்கு அஞ்சு வயசு மூத்தவ. உனக்கு எத்தனை ஆச்சு, முதல்ல அதைச் சொல்லு!"

"எனக்கு அம்பத்தாறு. நான் எதையும் மறைக்கல. அம்பத்தாறுல அஞ்சு போனா எவ்வளவு? கணக்கு படிச்சவதானே?"

மாவு பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்மா விரலை மடக்கினாள், நிமிர்த்தினாள்.

"நாலரை வயசுதான் மூத்தவ" என்றாள், சற்றே இறங்கிய குரலில்.

"அதான், அம்பத்தொண்ணரை."

"சும்மா இரு, அக்கா."

அக்கா என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல நடித்தேன்.

தெருவுக்கு ஐம்பது என்றே வைத்தோம். ரவுட்டர், பிரின்டர், ஸ்கேனர், கம்ப்யூட்டர்கள் என்று ஒவ்வொன்றிடமும் போய் மாற்றினோம். அம்மா கதவு எண்ணைச் சொன்னாள், நான் அடித்தேன். ஸ்கேனர் முரண்டு பிடித்தது. பார்த்தால் அதன் மென்பொருளுக்குள்ளும் பழைய எண் ஒளிந்திருந்தது. எதிர்ப்பக்கத்துத் தெரு என்ற கட்டத்தை இந்தத் தடவை நானே நிரப்பினேன்; பட்டறை ரவுட்டரில் நான் சொல்லச் சொல்லப் பெரியம்மா நிரப்பினாள்.

பச்சைப் புள்ளி. ஒன்றாம் தெரு முப்பதைத் தட்டினேன். பதில் வந்தது, செவ்வாய்க்கிழமையைவிட நன்றாகவே தாமதமாக. இந்தத் தடவை அந்தத் தாமதம் பிடித்திருந்தது. இருந்தாலும் பெரியம்மாவைப் பிரின்டரை அணைக்கச் சொன்னேன். பதில் நின்றது. போடச் சொன்னேன். வந்தது. மறுபடி அணைக்கச் சொன்னேன்.

"போதும்டி, ஸ்விட்ச் தேஞ்சிடும்" என்றாள் பெரியம்மா.

சனி

மேற்பார்வையாளர் சிரிக்காத பெண்மணி. பையிலிருந்து சோதனைக்கென்றே வைத்திருந்த ஒரு தாடைப் படத்தைக் கொடுத்து, "இதை அங்க கடையணும். நடுவுல யாராவது பார்த்தா என்ன தெரியும்?" என்றார்.

படத்தைப் பட்டறைக்கு அனுப்பி, அது போகும்போதே, நடுவில் நின்று பார்ப்பவனுக்குத் தெரிவதைப் பிடித்துத் திரையில் காட்டினேன். வரி வரியாகக் குப்பை. பல்லும் இல்லை, பேரும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"இதுல எங்கயாவது பல்லு இருக்கா?"

"இருக்குங்க. எங்கன்னு எனக்கும் தெரியாது."

அம்மா கடைவாய்ப் பல் ஒன்றை வரைந்து முடித்து, மெஷினைத் தேர்ந்தெடுத்து, அனுப்பு என்பதை அழுத்தினாள். மெஷினைப் போலவே இருபதாம் கதவான எங்கள் ஸ்கேனர் அசையவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வந்துச்சா?" என்றாள் அம்மா போனில்.

பதிலுக்குப் பெரியம்மா போனை மெஷின் அருகே கொண்டுபோனாள். முதலில் ஒரு கிளிக். பிறகு சன்னமான கீச்சென்ற சத்தம் ஏறி ஏறி, ஒரே சுருதியில் நின்றது. கடைகிறது. அம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடையற முனை கொஞ்சம் தேஞ்சிருக்கு. சத்தத்துலயே தெரியுது. மாத்துக்கா."

"வாங்கி வச்சிருக்கேன். வேலை வந்தா மாத்தலாம்னு இருந்தேன்."

மேற்பார்வையாளர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "திங்கட்கிழமை மாத்திடச் சொல்லுங்க" என்றார். "அன்னைக்கு முதல் படங்களை அனுப்பறோம்."

அவர் போன பிறகு பின்னறையில் பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் எதையும் அச்சடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மாவு ஒரு பக்கத்தை நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது எனக்கு இல்லைன்னு நினைக்கிறேன்" என்றார்.

பட்டறையிலிருந்து வந்திருந்தது. நடுவில் பெரிய எழுத்தில்: "ஐம்பத்தொன்றரைக்கு, தெரிகிறதா?"

அம்மா படித்தாள். பதில் தட்டெழுத நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, "அவ பிரின்டர் எத்தனாம் கதவு?" என்று கேட்டாள்.